எதில் தெளிவாகத் தெரிகிறது?

ஸ்கார்பெக் ஊரில் யார் எந்த சர்ச்சுக்குப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. யார் எந்தக் கண்ணாடிக்கடைக்குப் போகிறார்கள் என்பதைத்தான் கவனிப்பார்கள். கடைத்தெருவின் நடுவில் ஆம்ப்ளர் கடை இருந்தது. அப்பா காலத்தில் வைத்த பச்சைப் பலகை, மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும் இடம், கதவைத் திறந்தால் மணி. ஊருக்கு வெளியே சூப்பர் மார்க்கெட்டை ஒட்டி பெரிய கடை இருந்தது. நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் அதே விளக்கு, அதே கம்பளம், அதே 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்'.

முன்னதற்குப் போவது தருமம், பின்னதற்குப் போவது துரோகம் என்பது ஊர்க் கட்டுப்பாடு. 'நம் கடைத்தெருவைக் காப்போம்' என்ற சுவரொட்டி ஒட்டாத ஜன்னல் ஊரில் இல்லை. இருந்தாலும் பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில் சனிக்கிழமைகளில் இடம் கிடைக்காது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பது நாகரிகமில்லை என்பதால் யாரும் யோசிக்கவில்லை.

மாவிஸ் டோர்டாஃப் தன் வீட்டு ஜன்னலில் மட்டுமல்ல, ஊர்ச் சிற்றுந்தின் பின்கண்ணாடியிலும் அந்தச் சுவரொட்டியை ஒட்டியிருந்தாள். சிற்றுந்து அவளுடையது இல்லை; ஊருக்குப் பொதுவானது. ஆனால் வாரத்தில் மூன்று நாள் அதை ஓட்டுகிறவள் அவள். பள்ளிச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றபின், முட்டிவலிக்காரர்களையும் மூச்சுத்திணறல்காரர்களையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி மருத்துவமனை வாசலில் விடுவதுதான் அவள் வாழ்க்கை. ஏறுகிறவர்களில் பாதிப்பேர் அவளைவிட வயதில் சிறியவர்கள். எழுபத்தொரு வயதில் அந்த ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காரும்போது மாவிஸுக்குக் கப்பல் தலைவியைப் போல ஒரு நிமிர்வு வரும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அவள் கணவன் ஆர்னால்டும் தொலைக்காட்சியும்தான்.

அந்த இருக்கைக்குத்தான் வசந்த காலத் தொடக்கத்தில் ஆபத்து வந்தது. ஜெரால்ட் பிம் புதுக் கார் வாங்கிவிட்டார்.

பிம் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். சிற்றுந்தின் தன்னார்வ ஓட்டுநர்களுக்கெல்லாம் தலைவர். ஆண்டுக்கு ஒருமுறை, சர்ச் மண்டபத்துக்கு வெளியே, இருபது மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் எண் பலகையை ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகப் படித்துக் காட்ட வேண்டும். படித்தால் சாவி, படிக்காவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கார் எப்போதும் பிம்முடைய பழைய கார்தான். பதினான்கு வருடமாக அதே கார், அதே எண். ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் அது தங்கள் திருமண நாளைவிட நன்றாக மனப்பாடம். இடது கண்ணில் புரை விழுந்த வால்ட்டர்கூட முந்தின வருடம் முதுகைத் திருப்பிக்கொண்டே ஒப்பித்தார். பிம் 'மிகவும் நன்று' என்று குறித்துக்கொண்டார். யாரும் யாரையும் சங்கடப்படுத்தவில்லை. அதுதான் அந்தப் பரீட்சையின் நோக்கம் என்றே எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

"புது வண்டியாம்," என்றாள் மாவிஸ், தேநீரைக் கலக்கியபடி.

"அதுக்கு ஏன் எழவு வீட்டுச் சேதி மாதிரி சொல்ற?" என்றான் ஆர்னால்ட்.

"நம்பர் வேற இருக்கும்ல."

ஆர்னால்ட் பத்திரிகையைத் தாழ்த்தினான். "மாவிஸ், உண்மையச் சொல்லு. உனக்குக் கண்ணு தெரியுதா?"

"நல்லாத் தெரியுதே."

"நேத்து தபால் பெட்டிக்குக் கை ஆட்டின. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"டாஃப்னின்னு நினைச்சேன். அவ சிவப்புக் கோட்டு போட்டிருப்பா."

"பேசிக்கிட்டே வேற இருந்த. 'என்ன, பதிலே காணோம், கோவமா'ன்னு கேட்ட."

மறுநாள் மாவிஸ் ஆம்ப்ளர் கடையின் மணியை அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கிளைவ் ஆம்ப்ளர் நல்ல மனிதர். நல்ல மனிதரிடம் கண் காட்டுவதில் உள்ள சிக்கல் அவளுக்கு இருட்டறையில் உட்கார்ந்தபிறகுதான் புரிந்தது. அவர் முழங்கால் அவள் முழங்காலில் படாமல் ஒடுங்கி உட்கார்ந்தார். புதினா மிட்டாய் வாசனை. கனமான இரும்புச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகினார். செருகிக்கொண்டே, மனைவி போன வருடம் விட்டுவிட்டுப் போனதையும், கூரை ஒழுகுவதையும், பெரிய கடை வந்தபின் பாதி வாடிக்கையாளர்கள் காணாமல் போனதையும் சொன்னார்.

"எதில் தெளிவாத் தெரியுது, மிஸஸ் டோர்டாஃப்? ஒண்ணா... இல்ல ரெண்டா?"

'இரண்டா' என்னும்போது அவர் குரல் கொஞ்சம் மேலே போனது. பாவம், இரண்டைத்தான் எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று மாவிஸ் நினைத்தாள். மனைவி போன மனிதரிடம் ஒன்று என்று எப்படிச் சொல்வது?

"ரெண்டு," என்றாள்.

"அருமை. இப்போ மூணா, நாலா?"

குரல் மூன்றில் தழைந்து நான்கில் நிமிர்ந்தது. "நாலுதான். சந்தேகமே இல்ல."

எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் விட்ட மானத்தை இங்கே மீட்கிற வேகத்தில், தெரிந்ததையும் தெரியாததையும் கூட்டி ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டு எழுத்தாவது சரியாக இருந்திருக்க வேண்டும். ஆம்ப்ளர் மகிழ்ந்துபோனார்.

அறுபது தாண்டியவர்களுக்குப் பரிசோதனை அரசாங்கச் செலவு. அதனால் குற்ற உணர்ச்சி இன்னும் கூடியது. ஒரு மணி நேரம் ஒரு மனிதரை உழைக்கவைத்துவிட்டு, 'சீட்டை மட்டும் கொடுங்க, கண்ணாடி வேற இடத்துல பாத்துக்கறேன்' என்று சொல்லும் உரிமை சட்டப்படி அவளுக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரனின் நாயை உதைக்கவும் கால் உண்டு. யாராவது உதைக்கிறார்களா? அவர் எடுத்து நீட்டிய ஆமை ஓட்டு நிறச் சட்டத்தை, 'அழகா இருக்கு' என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது நடைபாதை விளிம்பு அலைபோல எழுந்து வந்தது.

"எப்படி இருக்கு?" என்று வாசலில் நின்று கேட்டார் ஆம்ப்ளர்.

"பிரமாதம்," என்று சொல்லி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் ஆர்னால்ட் விடவில்லை. "திரும்பிப் போய்ச் சொல்லேன். 'ஐயா, தெரியல'ன்னு. ரெண்டே வார்த்தை."

"எப்படிச் சொல்றது? அவரு மனசு ஒடஞ்சிடும்."

"நீ போய்க் குழந்தைங்க மேல வண்டிய ஏத்துறதுக்குப் பதிலா அவரு மனசு ஒடஞ்சா ஒண்ணும் தப்பில்ல."

"நீ எல்லாத்தையும் பெருசாக்குவ," என்றாள் மாவிஸ். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அந்நிய நாட்டுக்குள் நுழையும் ஒற்றன்போலப் பெரிய கடைக்குள் நுழைந்தாள். கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கியிருந்த முதல் தாங்கிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோட்டு. அருகில் போனபிறகே, தபால் பெட்டி இல்லை, டாஃப்னி குரோல்தான் என்று தெரிந்தது. கடைத்தெருவைக் காக்கும் குழுவின் தலைவி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மழைக்கு ஒதுங்கினேன்," என்றாள் டாஃப்னி.

"நானும்தான். என்னமா ஊத்துது."

வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"விட்டதும் கெளம்பிடுவேன்," என்று சொன்ன டாஃப்னியை, சட்டைப்பையில் பெயர் குத்திய ஒரு பையன் கூப்பிட்டான். "மிஸஸ் குரோல், உங்க ரெண்டு ஜோடியும் ரெடி."

பெரிய கடையில் அவளைத் தொழிற்சாலைப் பெட்டியைப்போல ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நகர்த்தினார்கள். ஒருவன் கண்ணுக்குள் காற்று ஊதினான். ஒருத்தி படம் பிடித்தாள். கடைசியில் காரிஸ் என்ற இளம்பெண் இருட்டறையில் உட்காரவைத்தாள். காரிஸ் மரியாதையான பெண். கொட்டாவியைக்கூடக் கையால் மூடித்தான் விட்டாள். ஆனால் வெளியே நாற்காலிகளில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை மாவிஸ் பார்த்துவிட்டிருந்தாள். வரிசையைத் தாமதப்படுத்துவதைவிடப் பெரிய பாவம் ஸ்கார்பெக்கில் கிடையாது.

"எதில் தெளிவாத் தெரியுது? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"இப்போ?"

"அதேதான். நீ எது வசதியோ அதப் போட்டுக்க."

"இல்ல, நீங்க சொன்னாத்தான் நான்..."

"பரவாயில்லம்மா. அவங்கல்லாம் எவ்வளவு நேரமா ஒக்காந்திருக்காங்க!"

இங்கே நீலச் சட்டத்தில் ஒரு கண்ணாடி. இலவசமாக இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, யாரையும் வருத்தப்படுத்தாமல், கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டாள். வெயில் விருந்தாளியாக மட்டும் வரும் ஊரில் அதை என்ன செய்வதென்று பிறகு யோசிக்கலாம். நீலச் சட்டம் மூக்கில் இறகுபோல உட்கார்ந்தது. அதில் தெரு அலையவில்லை. எல்லாம் கஞ்சிக்குள் விழுந்ததுபோல மட்டும் இருந்தது.

அதன்பின் கடைத்தெருவில் நடக்கும்போது மாவிஸுக்கு ஒரு புது வேலை சேர்ந்தது. ரொட்டிக்கடை தாண்டியதும் நீலத்தைக் கழற்றி ஆமை ஓட்டை மாட்டுவாள். ஆம்ப்ளர் ஜன்னலுக்குக் கை ஆட்டிவிட்டு, மருந்துக்கடை வந்ததும் மறுபடி நீலம். எதிரே வந்த இரண்டு பேர் அதே இடத்தில் அதே காரியத்தைச் செய்ததைப் பார்த்தாள். வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் டாஃப்னி தொலைபேசியில் அழைத்தாள். அவளும் சிற்றுந்து ஓட்டுகிறவள்தான்.

"மாவிஸ், ஒண்ணும் தப்பா எடுத்துக்காதே. ஜெரால்டோட புது வண்டி எங்க வீட்டு முன்னாலதான் நின்னுது. சும்மா கண்ணுல பட்டுது. ஒய்-ஜே, ஏழு-மூணு, டபிள்யூ-பி-டி."

"ஏன் எங்கிட்ட சொல்ற?"

"சும்மா. வால்ட்டர்கிட்டயும் சும்மாதான் சொன்னேன்."

மாவிஸ் பாத்திரம் கழுவும்போது ஒப்பித்தாள். பல் தேய்க்கும்போது ஒப்பித்தாள். "ஜெபமா?" என்றான் ஆர்னால்ட். 

மறுநாள் காலை தூறல். மண்டப வாசலில் பிம் நாடா வைத்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு நேர் எதிரே வெள்ளி நிறக் கார் ஒன்று நின்றது. சிற்றுந்து அதற்கும் அப்பால் நின்றது. மருத்துவமனைக்குப் போகவேண்டிய எட்டுப் பேர் ஏற்கெனவே ஏறி, மடியில் கைப்பையோடு காத்திருந்தார்கள். அன்றைய முறை மாவிஸுடையது.

வால்ட்டர் முதலில் கோட்டில் நின்றார். தொண்டையைச் செருமினார். "ஒய்-ஜே, ஏழு-மூணு, டபிள்யூ-பி-டி."

"மிகவும் நன்று," என்றார் பிம்.

டாஃப்னி நின்றாள். ஒரு நடிகையைப்போலக் கண்ணை இடுக்கி, மூன்றாவது எழுத்தில் கொஞ்சம் தயங்கி, பிறகு கண்டுபிடித்தவள்போல முடித்தாள். "மிகவும் நன்று."

மாவிஸ் ஆமை ஓட்டை மாட்டியிருந்தாள். கடைத்தெருக் குழு ஆம்ப்ளரை அன்று அழைத்திருந்தது. மண்டபத்தில் மேசை போட்டு எல்லாருடைய கண்ணாடித் திருகையும் இலவசமாக முடுக்கித் தருவதாக ஏற்பாடு. அவர் எங்கோ இருப்பார். கோட்டில் நின்று பார்த்தாள். வெள்ளியாக ஏதோ ஒன்று, கீழே மஞ்சளாக ஒரு தீற்றல். அவ்வளவுதான். வாய் தானாகத் திறந்தது. "ஒய்-ஜே, ஏழு-மூணு, டபிள்யூ-பி-டி."

"மிகவும் நன்று, மாவிஸ்," என்று பிம் சாவியை உள்ளங்கையில் வைத்தார்.

சிற்றுந்துக்குப் போகும் வழி அந்தக் காரை ஒட்டித்தான் போனது. இரண்டு எட்டு தூரத்தில் பலகை அவளுக்குத் தெரிந்தது. எம்-எஃப் என்று தொடங்கியது. முடிவில் டபிள்யூ இல்லை, பி இல்லை, டி இல்லை.

கார் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கிளைவ் ஆம்ப்ளர், ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவருடைய கார்.

"காலை வணக்கம், மிஸஸ் டோர்டாஃப். மழை விட்ருச்சு போல."

"ஆமா... விட்ருச்சு. ஜெரால்ட் வண்டி எங்க?"

"அவரு உள்ள தேநீர் ஏற்பாடு பண்ணிட்டிருந்தப்போ அவரு மனைவி எடுத்துட்டுப் போனாங்க. முடி வெட்டிக்கவாம். இடம் காலியா இருந்துது, நான் நிறுத்திட்டேன்." ஒரு மிடறு குடித்தார். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூணு பேரும் ரொம்ப நல்லாப் படிச்சீங்க."

மாவிஸ் சாவியோடு நின்றாள். எட்டுப் பேர் ஜன்னல் வழியே அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். புன்னகைத்திருப்பார்கள் என்று நினைத்தாள், அவர்கள் முகம் அவளுக்கு எட்டு வெளிறிய வட்டங்களாகத்தான் தெரிந்தது. மலைப்பாதையின் அடியில் பள்ளிக்கூடம் இருந்தது. அவள் சமைத்துப்போட்ட பள்ளிக்கூடம். அதன் வாசலில் நிற்கும் பிள்ளைகளும் இப்படித்தான் வட்டங்களாக இருப்பார்கள். சாவி இருக்கிறவரை அவள் கப்பல் தலைவி. சாவியைக் கொடுத்தால் ஆர்னால்டும் தொலைக்காட்சியும்.

திரும்பி நடந்து கோட்டுக்கு வந்தாள். சாவியை பிம் கையில் வைத்தாள்.

"என்ன ஆச்சு? வண்டி ஸ்டார்ட் ஆகலியா?"

"எனக்குக் கண்ணு தெரியல, ஜெரால்ட்."

ஒரு தட்டு கீழே விழுந்திருந்தால்கூட அவ்வளவு அதிர்ச்சி வந்திருக்காது. வால்ட்டர் தொப்பியைச் சரிசெய்தார். டாஃப்னி, "மாவிஸ், எல்லார் முன்னாலயுமா?" என்றாள், யாரோ ஆடையை அவிழ்த்துவிட்டதுபோல.

"நான் படிக்கல, மனப்பாடமாச் சொன்னேன். அது உங்க வண்டியே இல்ல. நீங்க பாக்கலியா?"

பிம் முதல்முறையாக அந்தக் காரை உற்றுப் பார்த்தார். முன்னால் குனிந்தார். கோட்டைத் தாண்டி நாலு எட்டு நடந்தார். காது சிவந்துவிட்டது.

"எனக்கும்... அவ்வளவு சரியாத் தெரியல," என்றார் மெதுவாக. "மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னீங்க. சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அன்று மருத்துவமனைக்கு வாடகைக் கார்கள் வந்தன. அந்த வாரம் முழுக்க ஊரில் பேச்சு இதுதான். சிற்றுந்தைக் கண் தெரியாதவர்கள் ஓட்டினார்களே என்று யாரும் பேசவில்லை. மாவிஸ் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாளே என்றுதான் பேசினார்கள்.

மாவிஸ் மறுபடி இருட்டறையில் உட்கார்ந்தாள். எந்த இருட்டறை என்பதை ஆர்னால்டோடு இரவு உணவின்போது பேசி முடிவு செய்திருந்தாள். பெரிய கடையில் வரிசையைப் பார்த்தால் வாய் தானாகப் பொய் சொல்லும். ஆம்ப்ளர் கடையில் வரிசையே கிடையாது. பொய் சொல்ல ஒரே காரணம் ஆம்ப்ளர்தான்.

"மொதல்ல ஒண்ணு, கிளைவ்," என்றாள். "இந்தக் கண்ணாடில எனக்கு எதுவும் தெரியல. பெரிய கடைலயும் ஒண்ணு வாங்கினேன். அதுலயும் தெரியல."

இருட்டில் அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மனசு உடையும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. "பெரிய கடைக்குப் போனீங்களா?"

"பாதி ஊர் அங்கதான் இருந்துது."

"தெரியும்," என்றார். "மருந்துக்கடை வாசல்ல எல்லாரும் கண்ணாடி மாத்தறது எங்க மாடி ஜன்னல்லேருந்து நல்லாத் தெரியும்."

மாவிஸுக்குக் காது சுட்டது. நல்லவேளை, விளக்கு இல்லை.

"சரி. எதில் தெளிவாத் தெரியுது? ஒண்ணா... ரெண்டா?"

குரல் பழையபடி மேலே போனது. மாவிஸ் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான். உங்க ரெண்டு கேவலமா இருக்கு."

அவர் அந்த வில்லையைக் கழற்றினார். பிறகு அடுத்த வில்லையை எடுத்தார். "மூணா, நாலா?" "ரெண்டும் சரியில்ல." "இப்போ?" "கொஞ்சம் பரவால்ல." "இப்போ?" "போன தடவதான் நல்லா இருந்துது, திரும்பப் போடுங்க." கடைசி வரியைப் படிக்கச் சொன்னபோது, "தெரியல" என்றாள். அந்த வார்த்தை இனிப்பாக இருந்தது. இன்னொருமுறை சொன்னாள். பாதி வழியில் ஆம்ப்ளர் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, சதுரங்கம் ஆடுகிறவரைப்போல வேலை செய்தார்.

விளக்கைப் போட்டபின் கேட்டார்: "கடைசியா ஒரு கேள்வி. இந்த ஆமை ஓட்டுச் சட்டம்?"

"அசிங்கம், கிளைவ்."

"எங்கப்பா வாங்கிப் போட்டது. பெட்டி பெட்டியா இருக்கு. எடுத்துக் குடுத்தா யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல." அவர் சிரித்துவிட்டார்.

மாவிஸ் கைப்பையிலிருந்து நீலச் சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "வில்லை உங்களது. சட்டம் இது. மூக்கு வலிக்கல. இதுலயே போட முடியுமா?"

ஆம்ப்ளர் அதைப் பூனைக்குட்டி கொண்டுவந்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். விரல்நுனியால் தூக்கினார். கீலைத் திறந்து மூடினார். "மோசமில்ல," என்றார் வருத்தத்தோடு. "போட்டுத் தர்றேன். எங்க செஞ்சுதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"கேட்டா சொல்லத்தான் செய்வேன்."

கேட்டார்கள். ஆம்ப்ளர் வில்லையைப் பெரிய கடைச் சட்டத்தில் வைத்துப் போட்டிருக்கிறாள் என்றதும் டாஃப்னி குழுவில் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தாள். பெரிய கடைப் பையன், உத்தரவாதம் செல்லாது என்று சொல்லி அனுப்பினான். இரண்டு பக்கமும் தள்ளிவைத்துவிட்டதால் மாவிஸுக்கு யாருக்காகவும் கண்ணாடி மாற்ற வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.

இரண்டு வாரத்துக்குப் பிறகு பிம் மறுபடி நாடா பிடித்தார். இந்தமுறை அவர் மூக்கிலும் புதுக் கண்ணாடி இருந்தது. தெருவில் வந்து நின்ற பால் வண்டியைக் கைகாட்டி, "அது," என்றார். மாவிஸ் எழுத்தெழுத்தாகப் படித்தாள். கீழே ஒட்டியிருந்த சேற்றையும் சேர்த்துச் சொன்னாள். வால்ட்டர் புரைக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போய்விட்டார். டாஃப்னிக்கு அன்றைக்குத் தலைவலி.

மாவிஸ் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி மலைப்பாதையின் முதல் வளைவில் திரும்பியது. சுவரின் ஒவ்வொரு கல்லும், கல்லிடுக்கின் பாசியும், ஓர் ஆடு தாடையை அசைப்பதும் தெரிந்தது. இத்தனை வருடம் இந்த வளைவு இவ்வளவு குறுகலாகவா இருந்தது? பின்னால் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்த்தினாள்.

முதல்முறையாக அவர்கள் முகம் தெரிந்தது. எட்டுப் பேரும் முன்னிருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார்கள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. ஐந்து பேர் கண்ணை மூடியிருந்தார்கள். தொண்ணூறு வயது ஐடாவின் உதடுகள் ஓசையில்லாமல் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தன. பழகிய கைகள், பழகிய உதடுகள்; அது இன்று தொடங்கிய பயம் இல்லை.

"எல்லாரும் சௌகரியமா இருக்கீங்களா?" என்று கேட்டாள் மாவிஸ்.

"ரொம்பப் பிரமாதம்மா," என்றாள் ஐடா, கண்ணைத் திறக்காமலே. "எப்பவும் போல."